ஓட்டாத கிலோமீட்டர்

"நாப்பத்திரண்டா?" முத்துவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெருநகர் ஊருக்குப் போற பஸ்ஸே அவ்ளோ வேகம் போவாதுடா. நீ படுத்துக்கினு போயிட்டியா?"

கலைச்செல்வனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மீட்டர் காட்டியதைத்தானே சொன்னான்? ஊரில் பாதிப் பேருக்கு ஆதாரில் பெயர் திருத்திக் கொடுப்பவன், பெற்ற அப்பாவிடமா பொய் சொல்வான்?

வம்பெல்லாம் அந்தச் சைக்கிளால் வந்தது. ஒரகடத்துக்கு வேலையாக வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், சொந்த ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சைக்கிள் அது. சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். முதுகை நன்றாகச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரியது. கைப்பிடி இருக்கைக்குக் கீழே, தொடையோரம்.

கலைச்செல்வனுக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருந்தது. பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாள் முதல், உத்திரமேரூரில் இருந்த தன் ஜெராக்ஸ் கடைக்கு ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனான். திரும்பி வந்ததும் மனைவி கீதா தைலம் தேய்க்க வேண்டும், அவன் முனக வேண்டும். இந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் மனிதனாக வீடு திரும்பினான். இது போனால் மறுபடி ஷேர் ஆட்டோ, மறுபடி தைலம்.

ஆனால் முத்துவேலுக்கு மானம் போய்விட்டது. முன்னாள் ஊராட்சித் தலைவரின் மகன் பட்டப்பகலில் கடைத்தெருவில் மல்லாந்துகொண்டு போகலாமா? வண்டி வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அது கழனியில் மோட்டார் கொட்டகைக்குப் போனது. அத்தோடு விடவில்லை, கெடுவும் வைத்தார்.

"சாதா சைக்கிள் வேகம்கூட இது போவாது. இருபது போவுதுன்னு மிஷின்ல காட்டு, அப்புறம் நான் வாயத் தொறக்கல. இல்லன்னா வெள்ளிக்கெழம வண்டிய என்கிட்ட வுட்டுடு. இன்னா பண்ணணுமோ நான் பண்ணிக்கறேன்."

அதற்காகத்தான் வேகம் காட்டும் மீட்டர். சைக்கிள் கடை சாமுவேல் முதலில் ஒயர் வைத்த மீட்டரைக் கொடுத்தார். சாதாரண சைக்கிளில் கைப்பிடிக்கும் முன் சக்கரத்துக்கும் ஒரு முழத் தூரம், ஒயரும் அவ்வளவு நீளம்தான். இந்த வண்டியிலோ கைப்பிடியில் மீட்டரை மாட்டினால் ஓட்டுகிறவன் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்க்க வேண்டும். அதற்குள் எதிரே லாரி வந்துவிடும். சரியென்று மிதிகட்டைக்கு மேலே முன் குழாயில் மாட்டினார்கள். ஒயர் எட்டவில்லை. சாமுவேல் பழைய போன் ஒயரை ஒட்டுப்போட்டார். கடைத்தெரு தாண்டுவதற்குள் ஒயர் மிதிகட்டையில் சுற்றி அறுந்தது.

அடுத்தது ஒயரே இல்லாத மீட்டர். முன் சக்கரக் கம்பியில் ஒரு காந்தத்தை மாட்ட வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் உள்ள சென்சார் ஒன்று என்று எண்ணும். சாமுவேல் தாராள மனதுக்காரர். நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு காந்தம் மாட்டிவிட்டார். சக்கரத்தின் அளவையும் பெரிய சக்கரத்துக்கு உள்ளதாகவே விட்டுவிட்டார். வேகம் நாற்பத்திரண்டுக்குப் போனது அப்படித்தான்.

கலைச்செல்வன் ஒரு காந்தத்தைக் கழற்றினான். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, கீதாவின் தையல் டேப்பால் தரையை அளந்து, மீட்டரில் சரியான அளவை ஏற்றினான். இப்போது மீட்டர் உண்மை பேசியது. உண்மை, பதினைந்து.

பதினைந்தைப் பார்த்ததும் அவனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பல்லைக் கடித்து மிதித்துப் பதினெட்டு வரை கொண்டுபோனான். இன்னும் இரண்டுதான் வேண்டும். சாயங்காலம் மீட்டரைப் பூஜ்யமாக்கி வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நம்பிக்கையோடு தூங்கினான்.

காலையில் போய்ப் பார்த்தால் மீட்டர் ஆறு கிலோமீட்டர் காட்டியது.

நின்ற வண்டி ஆறு கிலோமீட்டர் எப்படி ஓடும்? சாமுவேலிடம் போய்ச் சண்டை பிடித்தான். சென்சார் லூசாக இருக்கும், ஆடிக்கொண்டே எண்ணியிருக்கும் என்று அவர் இறுக்கிக் கொடுத்தார். மறுபடி பூஜ்யமாக்கி வைத்தும் மறுநாள் காலை ஒன்பது.

விஷயம் முத்துவேல் காதுக்குப் போனது. ஓட்டாத வண்டிக்கே கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நம்பித் தான் ஒத்துக்கொள்ள வேண்டுமா என்று தெருவில் நின்று நாலு பேர் கேட்கக் கேட்டார். கலைச்செல்வன் கூனிக் குறுகிப்போனான். அந்தக் கோபம் முழுவதையும் சாமுவேல் மேல் இறக்கினான். கள்ள மீட்டரை விற்றுவிட்டதாகக் கடை வாசலில் கத்தினான்.

சாமுவேலுக்கும் ரோஷம் வந்தது. "வண்டிய எங்க நிறுத்தறே?"

"மோட்டார் கொட்டாயில."

"அப்ப மீட்டர இன்னாத்துக்குத் திட்டறே? உள்ள மோட்டார் ஓடுது. மோட்டாருக்குள்ள காந்தம் சுத்துது. அத பாத்துட்டு சக்கரந்தான் சுத்துதுன்னு இதுவும் எண்ணிக்கினு கீது."

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. விடியற்காலையில்தான் மும்முனைக் கரண்ட் வரும். முத்துவேல் எழுந்துபோய் மோட்டார் போட்டு நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவார். முதுகுவலிக்காரன் என்பதால் மகன் அந்நேரம் எழுந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் கலைச்செல்வன் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

மறுநாள் முத்துவேல் வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பியூஸ் களவு போய்விட்டது, நாற்று காய்கிறது, ஊரே திருட்டு ஊராகிவிட்டது என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். கலைச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டு பியூஸை நீட்டினான். பயிருக்குத் தண்ணீர் பாயவிடாமல் செய்யும் மகனைப் பெற்றதைப் பற்றி முத்துவேல் பேசியது எதிர் வீடு வரை கேட்டது. கீதா கணவனைப் பார்த்த பார்வை அதைவிட மோசம். கலைச்செல்வன் அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று கொட்டகைக்கு ஓடினான்.

மீட்டர் பதினான்கு கிலோமீட்டர் காட்டியது. மோட்டார் ஓடவே இல்லை, இருந்தும் பதினான்கு. பொத்தானை அழுத்தினான். அதிகபட்ச வேகம் முப்பத்தொன்று என்று வந்தது.

ஒரு நிமிடம் அவனுக்கு எல்லாக் கோபமும் மறந்துபோயிற்று. அப்பா கேட்டது இருபது. இது முப்பத்தொன்று. மீட்டரைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

முத்துவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முப்பத்தொன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நீதான் ஓட்டினேன்னு கீதா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

கலைச்செல்வன் கீதாவின் தலையைப் பார்த்தான். கை எழவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வண்டியை விட்டுக்கொடுத்தான். வேறு என்ன செய்வான்? கொட்டகையில் வைத்து அப்பாவிடம் ஒப்படைக்கும்போது இருக்கையை ஒருமுறை துடைத்துவிட்டான். இத்தனை நாள் தன் முதுகைத் தாங்கிய வண்டி, எவனோ செய்த ஓட்டை மீட்டரால் பழைய இரும்புக்குப் போகப்போகிறது. இப்படி ஓர் அநியாயம் உலகத்தில் உண்டா என்று நினைத்தான். திரும்ப மாட்டியிருந்த மீட்டரை வெறுப்பில் பிடுங்கி வாய்க்காலில் எறியக் கை வைத்தபோது முத்துவேல் தடுத்தார்.

"அத கழட்டாதே. எடைக்குப் போடும்போது அதுவும் சேந்து கெடக்கட்டும். வண்டி இங்கியே கெடக்கட்டும், எனக்கு எப்ப தோணுதோ அப்ப பாத்துக்கறேன். இத கண்ணால பாக்கறதுக்கே அருவருப்பா கீது."

கலைச்செல்வன் ஷேர் ஆட்டோ பிடிக்க ஏரிக்கரை வழியாக நடந்தான். இடுப்பு இப்போதே வலிப்பது போலிருந்தது. மீட்டர் செய்தவனையும், விற்றவனையும், காந்தத்தைக் கண்டுபிடித்தவனையும் மனதுக்குள் வரிசையாகத் திட்டிக்கொண்டே போனான்.

கரையில் பசு மாடு மேய்த்துக்கொண்டிருந்த செங்கேணி அவனைக் கண்டதும் வழிமறித்தாள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"தம்பி, உங்க நைனாகிட்ட கொஞ்சம் சொல்லி வை. விடியகாலையில அந்த படுக்க வண்டிய எடுத்துக்கினு, இந்த எறக்கத்துல பாட்டு பாடிக்கினு வுட்டுக்கினு வராரு, என் மாடு மெரண்டு தெனம் கயித்த அறுத்துக்கினு ஓடுது."