ஹாஜா மைதீன் சொன்ன சீனக் கதை

ஆறு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுச் சீர்காழி திரும்பிய ஹாஜா மைதீன், வீட்டு முன்னறையைப் பார்த்துத் திகைத்துப்போனான். நாலு தையல் மிஷின். நாலிலும் தையல் பழகும் பெண்கள். நடுவில், கழுத்தில் டேப்போடு அவன் மனைவி ஷமீரா. புருஷன் உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஜாக்கெட் துணி உட்கார மூன்று இருந்தன.

"இதையெல்லாம் மூடிரு புள்ள. அதான் நான் வந்துட்டேனே."

"அப்புறம் பேசுவோம் மச்சான். இப்ப பட்டனுக்குக் காஜா எடுக்கணும்."

ஹாஜாவைவிடக் காஜா பெரிதாகிவிட்ட வீட்டில் நேரே பேசிப் பயனில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு சீனச் சண்டைப் பட டிவிடி வாங்கினான். அதில் சீனமும் இருந்தது, தமிழும் இருந்தது. சீனத்தில் வைத்துவிட்டு, தமிழ் உண்டு என்று போட்டிருந்த அட்டையை மெத்தைக்கடியில் செருகினான்.

"சீனக்காரங்களோட ஆறு வருஷம் பழகினவன். நானே அர்த்தம் சொல்றேன்" என்று அறிவித்தான். அவனுக்குத் தெரிந்த சீனம் 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான்.

ஞாயிறு பகலில் படம் ஓடியது. மஞ்சள் இலைகள் கொட்டும் காட்டில், சிவப்பு அங்கி விரிய, வாளோடு ஒருத்தி பறந்தாள். கால் விரல் மட்டும் பட ஏரியின் மேல் நடந்தாள். பெண்கள் கண் இமைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்னண்ணே சொல்லுது?" என்றாள் பக்கத்து வீட்டுக் குந்தவை.

"'என் புருஷன் ஊர்லேர்ந்து வந்துட்டார், இனிமே வாள் எதுக்கு'ங்குது."

"அப்புறம் ஏன் இருபது பேரை வெட்டுது?"

"அது... கடைசித் தடவையா."

"அந்தத் தாடிக்காரர்?" என்றாள் ஷமீரா.

"அவரு குரு. 'குடும்பத்தைப் பாரும்மா'ங்கறாரு."

"அதுக்கா இவ்வளவு கோவம்?"

"அக்கறை முத்தினா முகம் அப்படித்தான் ஆகும்."

படத்தில் இப்போது ஒரு மண்டபம். சிவப்பு அங்கிக்காரி வாளைத் தரையில் வைத்து, எதிரே நின்றவனுக்குத் தலை குனிந்தாள். ஹாஜா சட்டென்று படத்தை நிறுத்தினான்.

"பாத்தியா? 'எனக்கு அடுப்படியே போதுங்க'ங்குறா. படம் முடிஞ்சுது."

ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராஜ்யமே கைக்கு வந்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தான் ஹாஜா.

"மனசைத் தொட்டுருச்சு மச்சான். அந்த இடத்தை இன்னொரு தடவை பாத்துக்கறேன்" என்று ஷமீரா ரிமோட்டை வாங்கினாள். கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு அங்கிக்காரி சுத்தத் தமிழில் பேசினாள்:

"வாளைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கு என் வெறுங்கையே போதும்."

அவள் விட்ட ஒரே அறையில், எதிரே நின்றவன் மண்டபச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போனான்.

"மெத்தையை உதறினேன், அட்டை விழுந்துச்சு. வியாழக்கிழமையே எல்லாரும் தமிழ்ல பாத்துட்டோம்" என்றாள் ஷமீரா. "ஆனா உங்க கதைதான் மச்சான் நல்லா இருந்துச்சு."

கண்ணைத் துடைத்தவள் இப்போது வாய்விட்டே சிரித்தாள்.

குந்தவை தன் மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அதே மாதிரி சிவப்பு அங்கி கேட்டாள். அந்த அங்கியின் பறக்கும் கைத்துணியை வெட்டும் விதத்தை ஷமீரா ஏற்கெனவே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள். அங்கி மேடையேறிய மறுநாளே பதினோரு ஆர்டர் வந்தது. முன்னறை போதவில்லை. படுக்கையறையில் ஹாஜா மைதீனின் கட்டில் கிடந்த இடத்துக்கு ஐந்தாவது மிஷின் வந்தது.

கட்டில் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனது, ஹாஜா மைதீனோடு சேர்த்து.