கடலுக்கு நாலு எல்லை கேட்டேன்

படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பேச்சி. அவள் புருஷன் முனியசாமி; படகும் வலையும் அவருடையவை. நான். என் குடை.

குடையைச் சேர்க்கக் காரணம் உண்டு. அன்றைக்கு மானத்தோடு கரைக்கு வந்தது அது ஒன்றுதான்.

எனக்கு ஊர் திருவாடானைப் பக்கம். மிளகாய் போடுகிறேன். ஐந்தாவது வரை படிப்பு. நிலத் தகராறு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். (கூப்பிடாவிட்டாலும் போவேன்.) எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அளக்க ஆள் வருகிறான் என்றால் குடும்பத்தோடு வயலில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பெண்கள் முன்னால் இருக்க வேண்டும். எவனும் கை வைக்க மாட்டான்.

அதைக் கடலில் செய்து பார்த்தேன்.

பேச்சியைக் கட்டிக்கொடுத்தது பாம்பன் பக்கம். நான் அங்கே போயிருந்த அன்று கடற்கரையில் கூட்டம். ஓர் அதிகாரி வரைபடத்தை விரித்து வைத்துச் சொன்னார். டெல்லி சர்க்கார் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஏலம் விட்டிருக்கிறதாம். ஒரு கட்டத்தை ஒரு கம்பெனி எடுத்திருக்கிறதாம். இப்போது கொடுத்திருப்பது அடியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் உரிமம் மட்டும். இருந்தால், அதை எடுக்க இன்னொன்று வாங்க வேண்டும். எடுத்தால் வரும்படியில் சர்க்காருக்குப் பங்கு. கூடுதலாகத் தேடுகிறேன், கூடுதலாகப் பங்கு தருகிறேன் என்றவனுக்கு ஏலம் படிந்திருக்கிறது.

விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை விடுகிற மாதிரி வாரத்துக்கு விடுகிறார்கள், அவ்வளவுதானே. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

நாளைக் காலையில் தேடும் கப்பல் வரும், தீவுகளுக்கு அப்பால் வலை போட்டிருப்பவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள் என்றார். நான் எழுந்தேன்.

"நாலு எல்லை எங்கங்க?"

"இந்தா, ஒவ்வொரு மூலைக்கும் பாகைக் கணக்கு போட்டிருக்கே."

"எல்லைக் கல்லு?"

"கடல்ல ஏதுங்க கல்லு?"

"கல்லு நடாம எப்பிடிங்க உள்ள வருவீக?"

கூட்டம் கைதட்டியது. தட்டிவிட்டு எல்லோரும் வலையை எடுக்கப் போய்விட்டார்கள்.

முனியசாமியும் கிளம்பினார். அவருக்கு இருந்தது அந்த ஒரு வலை. புதிது. வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

"எடுத்துருவோம் மச்சான். வலை போச்சுன்னா பொழப்பு போச்சு."

"எடுத்தா நம்ம அனுபோக உரிமை போச்சு மாப்ள. விடிய வலைகிட்டயே போயி உக்காருவோம். பேச்சியும் வரட்டும்."

பேச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணே, கடல்ல உக்கார வரப்பு கிடையாது."

ஆனாலும் வந்தாள். புருஷனை என்னோடு தனியாக விடப் பயம்.

விடியும்போது போய்ச் சேர்ந்தோம். பனி. கடலும் வானமும் ஒரே சாம்பல். வலையின் வெள்ளை மிதவைகள் வரிசையாகக் கிடந்தன, பன்னிரண்டு. மாப்பிள்ளை இன்ஜினை நிறுத்தினார். நான் குடையை விரித்து முன்பக்கம் உட்கார்ந்தேன். வாந்தி எடுத்தேன். (குடையை மடக்கவில்லை. உரிமைப் பிரச்சினை.)

பிறகு கீழேயிருந்து தட்டியது.

படகின் அடிப்பலகையில். டும். உள்ளங்காலில் ஏறியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டும். யாரோ அடியில் நின்று கதவைத் தட்டுவது மாதிரி.

"பாறையா மாப்ள?"

"பத்துப் பாகம், அறுபது அடி ஆழம். பாறை எங்கிட்டு வரும்?"

"மீனா?"

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு பறவைகூட இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பனிக்குள் பெரிய நிழல் ஒன்று குறுக்கே போனது. கப்பல். தூரத்திலேயே போய் மறைந்தது. தட்டும் சத்தமும் தேய்ந்தது.

"பாத்தியா, ஒதுங்கிப் போறான்" என்றேன் பேச்சியிடம். அந்தப் பெருமை கொஞ்ச நேரம் இருந்தது.

பனிக்குள்ளிருந்து மைக்கில் ஒரு குரல். ஆள் தெரியவில்லை. "வாலு வருது. தள்ளிப் போங்க. வாலு வருது."

"என்ன வாலுண்ணே?"

"பயங்காட்டுறான். யாரும் அசையக் கூடாது."

நாங்கள் அசையவில்லை. மிதவை அசைந்தது.

காற்று இல்லை, அலை இல்லை. முதல் மிதவை நகர்ந்தது. அப்புறம் அடுத்தது. பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போயின. சில முங்கின. மேலே வரவில்லை. மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்கும் பின்னால் அது வந்தது. ஆரஞ்சு நிறம். ஆள் உயரம். தலையில் ஒரு விளக்கு, மின்னி மின்னி அணைந்தது. இழுக்க ஆள் இல்லை, ஓட்ட ஆள் இல்லை. நீரோட்டத்தை எதிர்த்து எங்களைப் பார்த்து வந்தது.

நான் எழுந்து நின்றேன். குடையை முன்னால் நீட்டினேன். எங்கள் ஊர்க் குரலில் கேட்டேன்.

"யாருய்யா அது? எந்த ஊரு?"

விளக்கு மின்னியது. படகை ஒட்டினாற்போல் கடந்து, மிதவைகள் போன வழியிலேயே போய்விட்டது.

அப்புறம்தான் மைக்கில் பேசியவரின் படகு வந்தது, கப்பலுக்குக் காவலாகக் கம்பெனி விட்டது. அவர்தான் விளக்கினார். கப்பல் தண்ணீருக்குள் காற்றை வெடிக்க விடுமாம். தட்டியது அதுதான். அது கடலடி மண்ணில் பட்டுத் திரும்புவதைக் கேட்க, மைல் கணக்கில் நீளமான கேபிளைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகுமாம். அந்தக் கேபிள்தான் வாலு; அதன் கடைசியில் கட்டிய அடையாள மிதவைதான் அந்த விளக்கு. எங்கள் வலை கேபிளில் சிக்கிக் கூடவே போய்விட்டது.

"அதுக்கிட்டயா எந்த ஊருன்னு கேட்டீக?" என்றார்.

பேச்சி அப்போதுதான் சிரித்தாள். அழுதுகொண்டே.

நஷ்டஈடு இல்லை. முந்தின நாளே சொல்லிவிட்டார்களே. அந்த வருஷம் மாப்பிள்ளை என் வயலில் மிளகாய் பறித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூலைக் கல்லைத் தாண்டும்போது மட்டும், "கல்லு இருக்கு மச்சான், பயப்படாதீக" என்பார். பிறகு என் மாடுகளை விற்று அவருக்கு வலை எடுத்துக் கொடுத்தேன்.

இன்றைக்கும் நான் போய்த் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினால் பிள்ளைகள் உள்ளேயிருந்து கேட்கும். "யாருய்யா அது? எந்த ஊரு?" நானும் சிரிப்பேன். ஆனால் தட்டும்போது உள்ளங்காலில் ஒரு டும் ஏறும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கரையில் ஒதுங்கிய வெள்ளை மிதவையைப் பேச்சி கொண்டுவந்து என் வயல் மூலைக் கல்லில் கட்டிவிட்டுப் போனாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பன்னிரண்டில் ஒன்று.