‘ஊழியத்துக்குத்தானே!’ வேதமாணிக்கம்

தம் கையைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஊரார் கைகளால் கோபுரம் கட்டுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. இவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்களிடம் ஒரு சைக்கிளோ, ஒரு சுமாரான குரலோ, நாலு நாற்காலியோ இருந்தால் போதும். அவர்களே உங்களைத் தேடி வந்துவிடுவார்கள். கோயில் திருவிழா, கட்சி மாநாடு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே பொதுக்காரியம் ஒன்று புகைகிறதோ, அங்கே குளிர்காய வந்து நிற்பார்கள். பந்தல்காரரிடம், “நம்ம காரியந்தானே!” என்பார்கள். மைக்செட்காரரிடம், “ஒங்க வீட்டு விசேஷம் மாதிரி நினைச்சுக்கங்க” என்பார்கள். சமையல்காரரிடம், “புண்ணியம் ஒங்களுக்குத்தான்” என்று புண்ணியத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து நோட்டீஸ் அச்சாகி வரும்போது, பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கும்.

யாருடைய பெயர் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் ஒன்றை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெயர் வேதமாணிக்கம். காளவாசல் பக்கம் வீடு. ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றுகொண்டு முன்வரிசையை அமுக்கிவிடுகிற குரல் அவருடையது. குரல் என்றா சொன்னேன்? மன்னிக்க வேண்டும். சத்தம்.

மதுரைக் கல்யாண வீடுகளுக்குள் வீடியோ நுழைந்த காலம் அது. தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் வீடியோக்காரரின் விளக்கைப் பார்த்து விழித்த காலம். அப்படியொரு கல்யாணத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வேதமாணிக்கத்துக்கு ஞானம் பிறந்தது. தம்ளரைக் கீழே வைக்காமலேயே என் பக்கம் திரும்பினார்.

“பிரதர், இனிமே பாட்டைக் காதால கேக்குற காலம் போச்சு. கண்ணால கேக்கணும். நம்ம சபையிலருந்து ஒரு பாட்டை வீடியோப் படமா எடுக்கப் போறேன்.”

“செலவாகுமே, சார்?”

“ஊழியத்துக்குத்தானே!” என்றார்.

கர்த்தருடைய வேலை என்று பொருள்படும் இந்த ஒரு சொல்தான் அவருடைய மூலதனம். இதை வைத்து அவர் மதுரையையே வாங்கியிருப்பார். யாரும் விற்பதாகச் சொல்லாததால் விட்டுவிட்டார்.

படத்துக்குப் பாட்டு வேண்டுமே? அது தயாராக இருந்தது. எங்கள் சபையில் தங்கப்பொண்ணு என்று ஒருத்தி. சத்துணவுக் கூடத்தில் ஆயா. ஞானஸ்நானம் எடுத்தபோது எங்கள் போதகர் ஐயர் புதுப் பெயர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, “இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தேன் எனக்குத் திரும்பிப் பாக்கத் தெரியும்” என்று சொல்லிவிட்டவள். அவள் புருஷன் சின்னான் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, பெரியாஸ்பத்திரியில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்த நாட்களில், கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவளாகவே கட்டிய பாட்டு அது.

முள்ளுக் காட்டுக்குள்ளே என் சத்தம் கேட்டதுண்டோ,
மேய்ப்பரே, உம் காலில் ரத்தம் பட்டதுண்டோ…

சின்னான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சபையில் பாடினாள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நான் தற்செயலாக வேதமாணிக்கத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை. ஒரு கண்ணை மூடி, விரல்களைச் சட்டம்போல மடக்கி வைத்து, அதன் வழியாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் ஆகிவிட்டார்.

அடுத்து கேமரா. காளவாசலில் கல்யாண வீடியோ எடுக்கும் நல்லகாமனைப் பிடித்தார். அப்பா காலத்து வயலைக் குத்தகைக்கு விட்டுக் கேமரா வாங்கிய பையன். பேரத்துக்கு என்னையும் சாட்சியாக அழைத்துப் போயிருந்தார்.

“நல்லகாமா, ஒன் கேமராவுக்கு ஒரு பாக்கியம் வந்திருக்கு.”

“பாக்கியம் இருக்கட்டும் சார். எம்புட்டுத் தருவீக?”

“ஊழியத்துக்குத்தானே, தம்பி! இங்க வாங்கிட்டா பரலோகத்துல கெடைக்காது.”

“பரலோகத்துல எனக்கு வரவு செலவே கெடையாது சார். நான் பாண்டி கோயில்ல கெடா வெட்டுறவன்.”

“அதனால என்ன? புதுசா ஆரம்பிச்சுட்டாப் போச்சு.”

கடைசியில், சபையில் நடக்கும் கல்யாணம் அத்தனைக்கும் இனி நல்லகாமன்தான் வீடியோ என்று வாக்குக் கொடுத்தார். எங்கள் சபையில் அப்போது கல்யாண வயதில் இருந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அது நல்லகாமனுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை பரவைக்கு அப்பால் ஒரு கண்மாய்க்கரைக்குப் போனோம். பின்னால் நாகமலை நிற்பது பாலஸ்தீனத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது டைரக்டரின் கருத்து. எங்கள் உடைக்கு எங்கள் வீட்டுப் போர்வை. எங்கள் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக் கட்டுச்சோறு. டைரக்டருக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எனக்கு, இயேசு திட்டிய பரிசேயன் வேடம். நல்ல மேய்ப்பனாக நடிப்பது யார் என்று கேட்கிறீர்களா? சணல் தாடி ஒட்டிக்கொண்டு, வீட்டுச் சன்னல் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கம்போடு வேதமாணிக்கமே வந்து நின்றார். அந்த வேடத்தை வேறு யாருக்காவது கொடுக்க அவருக்கு மனம் வருமா?

தங்கப்பொண்ணு அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு சின்னானின் சைக்கிளில் வந்து இறங்கினாள். வேதமாணிக்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ என்னம்மா இம்புட்டு அலங்காரமா? ஒன் குரலைத்தான் போன வாரமே கேசட்டுல பிடிச்சாச்சே. மொகத்துக்கு சுகிர்தா இருக்கா.”

சுகிர்தா அவருடைய மனைவியின் தங்கை. கல்லூரியில் படிக்கிற பெண், கொஞ்சம் சிவப்பு. அன்றைக்குத் தனக்கு என்ன வேலை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“கேமராவுக்குக் கறுப்பு ஒத்துக்காதும்மா” என்று வேதமாணிக்கம் அன்பாக விளக்கினார்.

நல்லகாமன் தலையைத் தூக்கினான். “எங்க ஊருப் பொண்ணுக அம்புட்டுப் பேரும் கறுப்புத்தேன் சார். என் கேமரா இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலையே?”

“தம்பி, நீ பட்டனை அமுக்குறவன். கலை வேற.”

தங்கப்பொண்ணு கையில் ஒரு மண்பானையைக் கொடுத்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நடந்து போகச் சொன்னார்கள். நடந்தாள். சின்னான் மட்டும் சைக்கிள் மணியை வெறுமனே திருகிக்கொண்டு நின்றான்.

ஆடுகள் வந்தன. பரவைச் சந்தையில் ஆடு மேய்க்கிற சோணை என்கிற கீதாரியைப் பிடித்து, “ஒன் ஆடுகளைப் படத்துல காட்டுறோம்” என்று சொல்லி வரவழைத்திருந்தார். ஆனால் ஆடுகள் செம்மண் நிறத்தில் இருந்தன. காலண்டரில் பார்த்த மாதிரி வெள்ளையாக இல்லை என்று டைரக்டருக்கு வருத்தம். பெண்களின் கைப்பைகளில் இருந்த பவுடர் டப்பாக்களை வாங்கி ஆடுகளின் மேல் தட்டினார். சோணை வாயில் வைத்த வேப்பங்குச்சியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏய்யா, என் ஆட்டப் பொண்ணு பாக்க வாராகளா?”

ஆடுகள் தும்மின. மேய்ப்பர் கம்பை உயர்த்தி, “வாருங்கள், என் மந்தையே!” என்றார். மந்தை கருவேல மரத்தை நோக்கிப் போயிற்று. கெஞ்சினார், கைதட்டினார், கட்டுச்சோற்றை நீட்டினார். கடைசியில் சோணை நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். அத்தனை ஆடும் திரும்பி அவன் காலடியில் வந்து நின்றன. ஆடு தன் மேய்ப்பனை அறியும் என்று ஞாயிறு தவறாமல் கேட்கிறோம். கேட்டபடி நடந்துகொண்டவை அன்று ஆடுகள்தான்.

அடுத்த சோதனை டேப்ரிக்கார்டர் ரூபத்தில் வந்தது. இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டர், பழைய பேட்டரி. பாட்டு முதலில் இழுத்தது. பிறகு கிழவன் குரலில் முனகியது. பிறகு கேசட்டை மென்று குடலை வெளியே தள்ளியது. வேதமாணிக்கம் அசரவில்லை.

“தங்கப்பொண்ணு! இந்தப் புதருக்குப் பின்னால நின்னு பாடும்மா. சுகிர்தா முன்னால நின்னு வாயசைக்கட்டும்.”

வெயில் உச்சியில். அவள் பாடினாள். சுகிர்தாவின் வாய் தப்பியது. “இன்னொரு தடவை!” பாடினாள். ஆடு குறுக்கே போயிற்று. “இன்னொரு தடவை!” மேய்ப்பரின் தாடி காற்றில் பறந்தது. “ஊழியத்துக்குத்தானே, இன்னொரு தடவை!” குரல் கம்மத் தொடங்கியும் பாடினாள். “ரத்தம் பட்டதுண்டோ” என்ற இடத்தில் சுகிர்தா வாயசைப்பதை நிறுத்திவிட்டு அழுதாள்.

“அத்தான், அந்த அக்காவையே நிக்கச் சொல்லுங்க. எனக்கு வெக்கமா இருக்கு. அது அவங்க பாட்டு.”

“யாரு பாட்டு? பாட்டு கர்த்தருடையது! என் பாட்டு, ஒன் பாட்டுன்னு பேசுறது பெருமை. பெருமை பாவம்.”

பெருமையைக் கண்டித்த சூட்டோடு, பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைவதற்குள் எடுத்துவிடலாம் என்று, படத்தின் தொடக்கத்தில் காட்ட வேண்டிய அட்டையைத் தூக்கி நல்லகாமனுக்கு எதிரே பிடித்தார். சிவப்பு மையில் முத்து முத்தாக எழுதியிருந்தது: ‘பாடல், இசை, இயக்கம் – வேதமாணிக்கம்.’

தங்கப்பொண்ணு புதருக்குப் பின்னாலிருந்து வந்தாள். அட்டையை எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். அவசரப்படவில்லை.

“சார், பாட்டு கர்த்தருதுன்னா சரி. ஒங்களுதுன்னா, நீங்களே பாடிக்கங்க.” புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, சைக்கிள எடுங்க. நான் போறேன் சார்.”

சின்னான் அவ்வளவு நேரமும் அதற்காகவே நின்றவன்போல மிதிக்கத் தொடங்கினான். சோணை ஆடுகளின் பவுடரைத் துண்டால் துடைத்து, அவற்றை ஓட்டிக்கொண்டு போனான். வேதமாணிக்கம் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், “சாத்தான் எப்படியெல்லாம் கிரியை செய்றான் பாத்தீங்களா பிரதர்?” என்றார். சணல் தாடி ஒரு பக்கம் தொங்கியது.

நீங்களோ நானோ என்றால் இத்துடன் விட்டிருப்போம். இந்த இனம் விடாது. அவர் நல்லகாமனைப் பிடித்து உட்காரவைத்து, அந்தப் பாட்டைத் தாமே பாடிப் படத்தில் சேர்த்தார்.

சபை மண்டபத்தில் திரையிட டிவியும் வீடியோ டெக்கும் வேண்டும். கோரிப்பாளையத்தில் வாடகைக்கு விடும் பாயிடம் போய்த் தம் மந்திரத்தைச் சொன்னார். “ஊழியத்துக்குத்தானே, பாய்! எல்லாம் ஒரே கடவுள்.”

“அல்லாவுக்குச் செய்றத நான் தனியாச் செஞ்சுக்கிறேன் சார்” என்றார் பாய். “டிவிக்கு வாடகை தனி.”

அந்த மந்திரம் பலிக்காமல் போனதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கடைசியில் எங்கள் ஐயர் வீட்டு டிவியும் நல்லகாமனின் டெக்கும் தூக்கி வரப்பட்டன.

மண்டபம் நிரம்பியிருந்தது. அட்டை வந்தது, கைதட்டினார்கள். நாகமலை வந்தது, கைதட்டினார்கள். சுகிர்தாவின் முகம் திரை முழுக்க வந்தது. மெல்ல இதழ் திறந்தாள். உள்ளேயிருந்து வேதமாணிக்கம் புறப்பட்டார்.

“முள்ளுக் காட்டுக்குள்ளே…!”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு யாரோ ஒரு பாட்டியம்மாள், “ஐயோ பாவம், பிள்ளைக்குத் தொண்டையில என்ன?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. சுகிர்தா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளே அழுதாளா சிரித்தாளா, தெரியாது. ஐயர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, விளக்கைப் போடச் சொன்னார். கடைசி வரிசையில் தங்கப்பொண்ணைப் பார்த்துவிட்டு, “நீ ஒரு தடவை பாடிக் காட்டும்மா” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இன்னிக்கு முடியாதுங்க ஐயரே. சிரிச்சுச் சிரிச்சுத் தொண்டை கட்டிருச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடினாள். எங்கள் சபைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நல்லகாமன் நின்றிருந்தான், தோளில் கேமரா. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. விளக்குக்கூட இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில், அவள் முகத்தை மட்டும் முழுப் பாட்டுக்கும் எடுத்தான். கேசட்டைச் சின்னான் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. போட்டுப் பார்த்தாயா என்று தங்கப்பொண்ணிடம் கேட்டேன். “என் மூஞ்சி எனக்குத் தெரியாதாண்ணே?” என்றாள். ஆனால் கேசட் இரும்புப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சின்னான் சொன்னான்.

வேதமாணிக்கம் வருந்தினாரா? என்ன கேள்வி இது! “அது ஒரு உத்தி, பிரதர். கர்த்தருக்கு முன்னால ஆண் குரல், பெண் குரல்னு பேதமுண்டா? நம்ம ஜனங்களுக்கு இன்னும் அந்த அறிவு வரலை” என்றார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு என்னிடம் மறுபடி போர்வை கேட்டிருக்கிறார். ஒட்டகம் வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா என்றும் விசாரித்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. தையற்காரரிடம் அவசரச் சட்டையைக் கொடுத்து, “நம்ம ஆளுதானே!” என்று தோளைத் தட்டிவிட்டு வந்தவர்கள் சிரிக்கலாம். சொந்தத்தில் ஒரு டாக்டர் இருப்பதால், கல்யாணப் பந்தியில் நாக்கை நீட்டிக் காட்டியவர்களும் சிரிக்கலாம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கையில் வைத்துப் படிக்கிறீர்களே, இந்தப் புத்தகம். இதைக் கடையில் வாங்கினீர்களா? இல்லை, “நம்ம ஆளு எழுதுனதுதானே!” என்று யாரிடமிருந்தாவது உருவிக்கொண்டு வந்தீர்களா?