எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது

வரைபடத்தைப் பார்த்தே வைத்தியம் சொல்லும் ஓர் இனம் மனிதர்களுக்குள் உண்டு. அவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம். கலர் பென்சில் போதும். சிவந்திருக்கும் ஊரைக் கண்டால், "அங்க தண்ணி சரியில்லைங்க" என்பார்கள். வெளுத்திருக்கும் ஊரைக் கண்டால், "நல்ல காத்து, நல்ல ஜனங்க" என்று பெருமூச்சு விடுவார்கள். இரண்டு ஊருக்கும் போயிருக்க மாட்டார்கள். போனால் கருத்து கெட்டுவிடுமே!

இந்த இனத்தை நான் எங்கே ஆராய்ந்தேன் என்கிறீர்களா? முகச்சவரம் செய்யும்போது, கண்ணாடியில்.

பத்திரிகை ஆபீசில் இருக்கிறேன். எந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு ஆட்டிசம் கண்டறிந்தார்கள் என்று ஒரு கணக்கு வந்தது. அதிகம் என்றால் சிவப்பு, ஒன்றுமில்லை என்றால் வெள்ளை என்று படம் போடச் சொன்னேன். பக்கத்து நகரம் தக்காளியாகப் பழுத்தது. எங்கள் ஊர் பால் வெள்ளை. அடடா, எனக்குப் பொங்கிய ஊர்ப்பற்று! அச்சுக்கு நேரமாகிவிட்டதால், தொழிற்சாலைப் புகை, செல்போன் கோபுரம், பாக்கெட் தீனி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேள்விக்குறியைக் கட்டி அனுப்பிவைத்தேன். கேள்விக்குறி போட்டால் பொய் ஆகாது. எங்கள் இனத்தின் சட்டம் அது.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை மடித்து, தன் மகளின் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தாள் என் அக்கா. மகளுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "அம்மா" என்று ஒரு தடவை சொன்னதில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பு லிப்ட் பேசுவதை அதே குரலில், அதே இடைவெளி விட்டுச் சொல்வாள்: "தயவுசெய்து கதவை விட்டு... விலகி நிற்கவும்." அவளைப் பரிசோதிக்க மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள் அது. எங்கே? தக்காளி நகரத்தில்.

"அந்த ஊருக்கா, அக்கா? படத்தைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்டா. அதான் போறேன்."

"நம்ம ஊர்ல ஒரு குழந்தைக்குக்கூட கிடையாது!"

"நம்ம ஊர்ல அதைப் பார்க்கிற டாக்டர் எத்தனை பேரு?"

"யாரும்... இல்ல."

"தெர்மாமீட்டரே இல்லாத வீட்டுல யாருக்குடா காய்ச்சல் வரும்? இன்னும் எத்தனை நாள் இவளைப் பிடிவாதக்காரின்னு திட்டிக்கிட்டே இருக்கிறது? வண்டியை எடு."

எடுத்தேன். அங்கே கூடம் நிறையக் குழந்தைகள். பாதிப் பேர் எங்கள் ஊர். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர்கூட, மகனை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் படம் போட்ட அதே பக்கம்தான்.

டாக்டர் கதவைத் திறந்ததும் எங்கள் பெண் அறிவித்தாள்: "தயவுசெய்து கதவை விட்டு... விலகி நிற்கவும்." டாக்டர் உடனே விலகி நின்றார். அவள் பேச்சைக் கேட்டு நடந்த முதல் மனிதர்! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்து முடித்து, ஆட்டிசம்தான் என்றார். அக்கா யாரையும் குற்றம் சொல்லவில்லை. "சரி டாக்டர், பயிற்சியை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தை எந்த ஊரானாலும், கண்டறிந்த இடத்தின் கணக்கில்தான் சேருமாம். ஆக, தக்காளி நகரம் இன்னும் ஒரு சுற்றுப் பழுத்தது. எங்கள் ஊர் அதே பால் வெள்ளை. அடுத்த படத்துக்குத் தலைப்புகூட என் மண்டையில் தயார்: "மேலும் சிவக்கிறதா?" என்ன செய்ய, பிறவிக் குணம்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதைப் படிக்கும்போதே உங்கள் ஊர் என்ன நிறமாக இருக்கும் என்று மனசு ஓடியதா? வெள்ளையாகத்தான் இருக்கும் என்று ஒரு நிம்மதி வந்ததா?

வாங்க, உட்காருங்க. நாம சொந்தக்காரங்க.