மொட்டை அண்ணாச்சியும் சீமைக்காரர் விரதமும்

இராஜபாளையத்தில் அடுத்தவர்களுக்காகவே தலைமுடி வளர்த்த ஒரே மனிதர் எங்கள் மொட்டை அண்ணாச்சிதான். பேண்டேஜ் துணி வெளுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் மில்லில் அவர் பாய்லர் ஆபரேட்டர். நான் அங்கே ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன். யாராவது நேர்ந்துகொண்டு, பிறகு மொட்டை போட வெட்கப்பட்டால் அண்ணாச்சி தன் தலையைக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒரே நிபந்தனை: நேர்ந்தவர் கவிச்சி தொடாமல் விரதமிருந்து பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

மகள் கல்யாணத்தில் மொட்டைத் தலையோடு நிற்பதா என்று, நேர்ந்திருந்த எங்கள் மேனேஜர் அண்ணாச்சியைப் பிடித்தார். அய்யனார் கோவிலில் பாதித் தலை சிரைத்தாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மேனேஜர் ஓர் ஏப்பம் விட்டார். அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"ஆட்டுக்கறி வாசம்லா வருது! மிச்சத்த நீங்களே போட்டுக்கோங்க சார்."

ஒரு மாதம் அந்தப் பாதித் தலையோடுதான் பாய்லர் ஓட்டினார். மேனேஜர் அந்தப் பக்கமே போகவில்லை.

கொஞ்ச நாளில், துணி வாங்கிய சீமைக் கம்பெனி புகையையும் வாங்க வந்தது. உலகம் சூடாவதைத் தடுக்கிறார்களாம். நாங்கள் நிலக்கரியைக் குறைத்து, வெயிலில் தண்ணீர் காய்ச்ச மாடியில் தகடுகள் பதித்தோம். நாங்கள் விடாத புகைக்குக் கார்பன் கிரெடிட் என்று ஒரு பத்திரம். அதை வாங்கிக்கொண்டால் அவர்கள் ஆலை வழக்கம்போலப் புகை விடலாம்.

அண்ணாச்சி சட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, நம்ம மொட்டதாம்லே இது! அவியளுக்காக நாம போடுதோம். சரி, அவிய விரதம் இருக்காகளா?"

பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரியையும் விடவில்லை. "உங்க ஊர்லயும் புகையக் கொறச்சிருக்கியளா? ஏலே, அப்படியே இங்கிலீசுல கேளு."

முதலாளி என்னையே பார்த்தார். அவர்கள் ஊரில் இன்னொரு ஆலை எழும்புகிறது என்பது கடிதம் படிக்கிற எனக்குத் தெரியும். "உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி பலமாகத் தலையாட்டினார்.

"குறைச்சிட்டாங்களாம் அண்ணாச்சி."

மறுநாளே, சித்திரை வெயிலில், அந்தக் கம்பெனிக்காக மொட்டை போட்டுவிட்டு வந்தார். "பக்கத்துல வந்து நிக்கச் சொல்ல முடியுமா? தூரம்லா" என்று சலுகை வேறு. மண்டைத் தோல் உரிந்து ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். வாசலில் அனல் அடித்தது.

"அவிய விரதம் இருந்துமே எம்புட்டு வெக்கை பாத்தியாலே" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த மொட்ட செல்லாதுலே" என்றார். தலையைத் தடவிப் பார்த்தார். வயது அங்கே ஒரு முடியையும் விட்டுவைக்கவில்லை. "திரும்பப் போடலாம்னா, முடியும் இல்ல."

என் தலையில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலில் அவருக்காக நான் உட்கார்ந்தேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று எனக்குக் குடை பிடித்தார். அவர் ஆட்டுக்கறி தின்றுவிட்டே வந்திருந்தாலும் நான் பாதியில் எழுந்திருக்க மாட்டேன்.