சண்டை இல்லாத தீவு

உச்சியில் சுழலும் விளக்கு நின்றுபோய்விட்டது என்று சொன்ன பிறகும் மனைவி சண்டைக்கு வரவில்லை. விளக்கு நின்றதைவிட அதுதான் விளக்குக்காரருக்குப் பெரிய விபரீதமாகப் பட்டது.

ஏரியின் நடுவே உள்ளங்கையளவு தீவு. அதில் பழைய கலங்கரை விளக்கம், ஒட்டினாற்போல் ஒரு வீடு, வீட்டில் இவர்கள் இரண்டே பேர். இந்த விளக்கு இனிமேல் தேவைதானா என்று முடிவு செய்ய அன்று காலை மேலதிகாரி வருகிறார். தேவையில்லை என்றால் வேலையும் போகும், வீடும் போகும். அக்கரையில் மைத்துனர் வீட்டு மாடியறையில்தான் ஒண்டிக்கொள்ள வேண்டும். இவருக்கு மைத்துனரைக் கண்டால் ஆகாது, அவளுக்கு அண்ணியைக் கண்டால் ஆகாது. தம்பதிக்குள் கருத்து வேற்றுமை இல்லாத ஒரே விஷயம் அது.

ஆகவே முந்தின நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதிகாரி வந்து திரும்பும்வரை சண்டை கிடையாது. கல்யாணமான நாள் முதல் பொழுது சண்டையோடுதான் விடிந்திருக்கிறது என்பதால் அது லேசுப்பட்ட காரியமில்லை.

விளக்குக்காரர் விளக்கைச் சுழற்றும் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். விளக்கு சுற்றியது, எண்ணெய் கண்ணாடியெங்கும் தெறித்தது. மனைவியிடம் துணி கேட்கப் பயந்து, கொடியில் கிடந்த ஒன்றை உருவிக்கொண்டு மேலே ஓடினார். அது அதிகாரிக்கென்றே அவள் துவைத்துப் போட்டிருந்த மேஜை விரிப்பு. துடைக்கத் துடைக்க விரிப்பு கறுத்தது, கண்ணாடி இன்னும் மங்கியது. சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். தண்ணீர் ஒயருக்குள் இறங்கி ‘படார்’ என்றது. விளக்கும் போயிற்று, மூடுபனிக் காலத்தில் ஊதும் சங்கும் போயிற்று. வெளியே ஏரியே தெரியாத அளவுக்கு மூடுபனி.

இறங்கி வந்தவர் கையில் விரிப்பைப் பார்த்ததும் மனைவியின் முகம் சிவந்தது.

“பரவாயில்லைங்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“உன் பொறுமை யாருக்கு வரும்” என்றார் அவர்.

படகுச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்து வேறு திசையில் தேய்ந்தது. குரல் கொடுக்கலாமா என்று இவர் கேட்டார். விளக்கு எரியாததை நாமே தண்டோரா போட வேண்டுமா, பேசாமல் இருங்கள் என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். இருவரும் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. கொஞ்ச நேரத்தில் படகு பாறையில் மோதியது.

இடுப்புவரை சேறோடு அதிகாரி கரையேறினார். ஒரு காலில் செருப்பைக் காணோம். பின்னாலேயே, அவரை ஏற்றிவந்த, தினமும் அந்த வழியாகப் போய்வரும் படகுக்காரர்.

அதிகாரி இருண்டு கிடந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். “இது எரியலைன்னா படகுங்க எப்படிய்யா வழி கண்டுபிடிக்கும்?”

விளக்குக்காரர் விரிப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்.

படகுக்காரரோ கவலையோடு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“விளக்கும் சங்கும் கிடக்கட்டும் சார், மூடுபனியில அதுங்களை நம்பி நாங்க என்னைக்குமே வந்ததில்ல. அக்கா, காலையில நீங்க அண்ணனைத் திட்டுற சத்தத்தை வெச்சுத்தான் நாங்க அத்தனை பேரும் படகைத் திருப்புறோம், இன்னைக்கு ஏன் திட்டல?”