ஆவரேஜ் அண்ணையும் ஒற்றைக்கை இடியப்பமும்

இலண்டன் மாநகரத்துத் தமிழர் அனைவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி வினவினாலும், பேஸ்போல் ஆட்டத்திற்காகக் கண் கலங்கியவர் ஒருவரே தேறுவார். அவர்தாம் எங்கள் ஆவரேஜ் அண்ணை. தாம் போற்றிய வீரன் ஓய்வு பெற்ற அன்று வேலைக்கு விடுப்புக் கேட்டார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னதால் விடுப்புக் கிடைக்கவில்லை.

குரோய்டனில் பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவர் தங்கிய வாடகை அறையின் பழைய தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தது அமெரிக்கரின் அந்த ஆட்டம் ஒன்றே. வேறு வழியின்றிப் பார்க்கத் தொடங்கியவர், பிற்பாடு வேறெதையும் பார்க்க மறுத்துவிட்டார்.

ஒருநாள் தேநீர் வேளையில் நான் வாயைக் கொடுத்தேன்.

"உங்கடை ஆள் பத்துத் தரம் மட்டையோடை நிண்டால் மூண்டு தரம்கூட அடிக்கேல்லையே, அண்ணை. இவனோ பெரிய வீரன்?"

"ஐசே, இலக்கத்தைத் தனிய நிப்பாட்டிப் பாக்கக் கூடாது. அவன்ரை காலத்திலை பந்து எறிஞ்சவங்கள் எல்லாம் பேயள். லீக் முழுக்க அடிக்கேலாமல் திண்டாடினது. மற்றவை என்ன அடிச்சவை எண்டு லீக் ஆவரேஜைப் பாத்துப்போட்டு இவனைப் பாரும். மலை மாதிரி நிப்பான். அதுசரி, நீர் பத்துப் பொதியிலை எத்தினையைச் சரியான வண்டியிலை போடுறனீர்?"

நான் தேநீரில் கவனம் செலுத்தினேன்.

டிராம் வண்டியையும் தேர்த் திருவிழாவையும் அவர் அதே அளவுகோலால் அளந்தார். முகத்துக்காகப் பொய் சொல்ல மட்டும் அவருக்கு வராது. வால்தம்ஸ்டோவில் ஒரு திருமணத்தில் மாப்பிள்ளையின் தந்தையார் பெருமிதத்தோடு, "எப்பிடி அண்ணை, எங்கடை பெடியன்?" என்று கேட்டார்.

"லீக் ஆவரேஜ்தான். குறை சொல்லேலாது."

அக்குடும்பம் இன்றுவரை எங்கள் இருவரையும் எந்த விழாவுக்கும் அழைத்ததில்லை. நான் செய்த குற்றம் அருகில் நின்றது.

அவருடைய மனைவி பூமணி அக்காவைப் பாரிசவாதம் தாக்கி, வலக்கை விழுந்துபோயிற்று. அக்கா சிரிப்பையும் சமையலையும் ஒருங்கே விட்டுவிட்டார். அண்ணை சமைத்தார். அது எந்த லீக்கிலும் சேராது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பல மாதங்களின் பின், ஒரு ஞாயிறு மதியம், அக்கா என்னையும் என் மனைவியையும் சாப்பிட அழைத்தார். இடியப்ப உரலை மேசையோடு சேர்த்து நெஞ்சால் அழுத்தி, இடக்கையால் பிழிந்திருந்தார். சில இடியப்பம் நூலாகவும் சில கயிறாகவும் வந்திருந்தன. தேங்காய்ப்பால் சொதியில் உப்புத் தூக்கலாக இருந்தது. நாங்கள் இருவரும், "அருமை, அக்கா" என்றோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவுமில்லை.

"இவை அப்பிடித்தான் சொல்லுவினம். இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ. சரியில்லையெண்டால் நான் இனிக் குசினிக்குள்ளை கால் வைக்கமாட்டன்."

மேசைக்குக் கீழே அண்ணையின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். இன்னொரு இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஒற்றைக் கையாலை இடியப்பம் பிழியிற லீக்கிலை எத்தினை பேர் ஆடுகினம்?"

"நான் ஒராள்தான்."

"அப்ப அந்த லீக்கின்ரை ஆவரேஜே நீர்தான். உம்மை வெல்ல அங்கை ஒருத்தரும் இல்லை."

அக்கா விடவில்லை. "அப்ப சொதி?"

"சொதி பழைய லீக். உப்புக் கூட. ரெண்டு கையும் இருக்கேக்கையும் கூடத்தான்."

அக்கா சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்து, மாப்பிடித்த இடக்கையால் அண்ணையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அண்ணை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொதி சரியான உறைப்பு" என்றார்.

அக்கா அன்று மிளகாயே போட்டிருக்கவில்லை. இத்தனை காலப் பழக்கத்தில் அண்ணையின் வாயால் நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். என் கணக்கில் அதனால் அவருடைய சராசரி குறையவேயில்லை.